சாயமில்லாத சிவப்பு

பிப்ரவரி 3, திங்கள்

என் சாயப்பட்டறையை அநியாயமாகப் பூட்டினார்கள். பூட்ட வைத்தவன் என் உடன்பிறந்த தம்பி நாச்சிமுத்து. பட்டறைக் கழிவுநீரை நான் திருட்டுத்தனமாக வாய்க்காலில் திறந்துவிட்டு அவன் கிணற்றை உப்பாக்கிவிட்டேன் என்று மனு எழுதிக் கொடுத்தான். அது பொய். வாய்க்காலில் நான் ஒரு குடம் சாயத்தண்ணீர்கூட விட்டதில்லை. எங்கள் ஊர் வேலாங்காட்டைச் சுற்றி எத்தனையோ பட்டறைகள் இருந்தன. விட்டவர்கள் விட்டார்கள். இந்தச் சாமியப்பன் விடவில்லை. பதினான்கு வருடங்களாக இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்க ஆளில்லாததால் எழுதுகிறேன்.

இந்த டைரி திருப்பூர் கெமிக்கல் கடைக்காரர் அனுப்பியது. பட்டறை இல்லாதவனுக்கும் வருடம் தவறாமல் அனுப்புகிறார்.

மோட்டாரில் தண்ணீர் ஏறவில்லை. வாஷர் மாற்றினேன்.

பிப்ரவரி 5, புதன்

பட்டறையை வாடகைக்குக் கேட்டு ஒரு பெண் வந்தாள். பெயர் மேகலா. பல்லடத்துக்காரி. முப்பது வயதிருக்கும். கோயம்புத்தூரில் ரசாயனம் படித்து அங்கேயே ஆராய்ச்சியும் செய்தவளாம். என்ன தொழில் என்று கேட்டேன்.

"ஜிகினா செய்யப் போறனுங்கய்யா. சேலைக்கு, கல்யாணப் பத்திரிகைக்கெல்லாம் ஒட்டறாங்கல்ல, அது. பிளாஸ்டிக் இல்லாம பஞ்சுல செய்யறது."

"பஞ்சு எப்பிடி அம்முணி மினுங்கும்? என்ன சாயம் போடறே?"

"சாயமே இல்லீங்கய்யா."

நாற்பது வருடம் சாயம் போட்டவனிடம் வந்து சொல்லுகிற பேச்சு. டப்பாவைத் திறந்து ஒரு தகட்டைக் காட்டினாள். வெங்காயத் தோல்போல மெல்லியது. நேராகப் பார்த்தால் சிவப்பு, சாய்த்தால் பச்சை. பொன்வண்டின் முதுகில் இருப்பது போன்ற மினுக்கம். நகத்தால் சுரண்டினேன். கையில் ஒட்டவில்லை.

"மில்லுல கழிச்சுப் போடற பஞ்சை அமிலத்துல போட்டா, கரையாம மிஞ்சறது கண்ணுக்கே தெரியாத ஊசிங்க. அதைத் தண்ணியில உட்டு ஆடாம அசையாமக் காய வெச்சா, அதுங்களே ஒண்ணு மேல ஒண்ணாக் கொஞ்சங்கொஞ்சம் திரும்பிப் படுத்துக்கும். சுத்துப்படி ஏறுமல்லங்க, அந்த மாதிரி. அந்தப் படிங்களுக்கு நடுவுல இருக்கற இடைவெளிதானுங்க நிறமாத் தெரியறது. அகலமா இருந்தாச் சிவப்பு. நெருங்குனா நீலம்."

"ஆரு அடுக்கறது?"

"ஆரும் அடுக்கறதில்லீங்க. அதுங்களே அடுக்கிக்கும்."

மேஸ்திரி இல்லாமல் ஒழுங்காக வேலை நடந்த இடத்தை நான் பார்த்ததில்லை.

சினிமாவில் கொடுக்கும் 3டி கண்ணாடி ஒன்றையும் வைத்திருந்தாள். அதன் ஒரு பக்கத்தால் பார்த்தால் தகடு பளபளக்கிறது, மறுபக்கத்தால் பார்த்தால் கறுப்பாகக் கிடக்கிறது. என் மனைவி பாவாயி அதை வாங்கி மாட்டிக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"என்னுங்க, எந்தக் கண்ணுல பாத்தாலும் நீங்க மட்டும் மாறவே இல்லீங்களே" என்றாள். அந்தப் பெண் சிரித்தது.

அவளுக்கு ஒரே ஒரு நிபந்தனை. "தண்ணிதானுங்கய்யா முக்கியம். உப்பு ஏறாத கிணறா இருக்கோணும். அவினாசிப் பக்கம் இன்னொரு எடமும் பாத்து வெச்சிருக்கேன். மார்ச் கடைசியில முடிவு பண்ணோணும்."

"என்ற கெணத்துத் தண்ணி எளனி மாதிரி" என்றேன்.

பாவாயி கேன் தண்ணீரில் காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

எனக்கு வாடகை பெரிதில்லை. பட்டறையின் பெரிய கதவு நாச்சிமுத்து வீட்டு வாசலைப் பார்த்து இருக்கிறது. அது திறக்க வேண்டும். அவன் காலையில் பல் விளக்க வெளியே வரும்போது அது திறந்திருக்க வேண்டும்.

பிப்ரவரி 6, வியாழன்

பாவாயி வடக்கு மூலையில் கறிவேப்பிலைக் கன்று நட்டிருக்கிறாள். அங்கே வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. போன வருடம் வைத்ததும் அங்கேதான் பட்டுப்போனது.

பிப்ரவரி 9, ஞாயிறு

மேகலா சொன்னதை நான் நம்பவில்லை. நானே காய வைத்துப் பார்க்க வேண்டும் என்று போன் செய்தேன். மறுக்காமல் ஸ்கூட்டரில் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு பெரிய பாட்டில் நிறையக் கரைசல், வட்டமான கண்ணாடித் தட்டுகள், மேலே மூட வடிகட்டித் தாள். கரைசல் கஞ்சித் தெளிவுபோல இருக்கிறது. மணமில்லை, நிறமில்லை.

"ஆடப்படாதுங்கய்யா. காத்து நேரா அடிக்கப்படாது. அவசரப்பட்டு வெயில்ல வெச்சீங்கன்னா அடுக்கறதுக்குள்ள காஞ்சு போயிரும்."

"எனக்குப் பொறுமை இல்லைங்கறயா?"

"அப்பிடிச் சொல்லுவனுங்களா?"

"சொல்லு அம்முணி, சொல்லு. ஊரே சொல்லுது" என்று பாவாயி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

பூஜை அறைக்குப் பக்கத்து அறையில் பெஞ்சுக் காலுக்கு அட்டை கொடுத்து, மட்டம் பார்த்து, முதல் தட்டை வைத்தேன். அந்த அறையில் மாவு அரைக்கக் கூடாது என்று பாவாயியிடம் சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 13, வியாழன்

தட்டு காய்ந்துவிட்டது. சிவப்பு.

நான் எதையும் போடவில்லை. வைத்தேன், மூடினேன், அவ்வளவுதான். பாத்திரத்தில் ஒன்றும் போடாமல் சிவப்பு வந்து நான் பார்த்ததில்லை. எங்கோ ஏமாற்று இருக்கிறது. வாயால் ஊதிப் பார்த்தேன். மூச்சுப் பட்ட இடத்தில் நிறம் மங்கிப்போய், கொஞ்சம் கழித்துத் திரும்பி வந்தது. நிலையில்லாத சரக்கு. பிறகு பாதியை வெட்டியெடுத்து, பட்டறையில் செய்வதுபோலச் சோப்புத் தண்ணீரில் அலசினேன். சாயம் போகவில்லை. அந்தப் பாதித் தகடே கூழாகிப் போய்விட்டது.

போனில் சொன்னேன். "சூடு பண்ணி மேல ஒரு பூச்சுக் குடுத்தாத்தானுங்கய்யா தண்ணிக்குத் தாங்கும். நீங்க அலசுவீங்கன்னு நான் நெனைக்கலையே" என்றாள்.

சாயக்காரன் அலசாமல் என்ன செய்வான்?

பிப்ரவரி 15, சனி

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எனக்குச் சாயம் யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. கம்பெனிக்காரர்கள் கொடுக்கும் நிற அட்டையை வைத்துக்கொண்டு, துணியைக் கெடுத்துக் கெடுத்து நானே கற்றேன். நாச்சிமுத்து சிறு வயதில் இரண்டு வருடம் என்னோடு பட்டறையில் இருந்தான். அவனுக்கு அரக்கும் மெரூனும் ஒன்றாகத் தெரியும். ஒருமுறை ஒரு லோடு பனியனையும் மாற்றிப் போட்டுவிட்டான். அடித்து அனுப்பினேன். அதற்குப் பிறகுதான் விவசாயத்துக்குப் போனான்.

முதல் தட்டின் சிவப்பு வெளிறிய சிவப்பு. ஆழமாக வர வேண்டுமென்றால் உப்புப் போட வேண்டும். துணிக்குச் சாயத்தின் மேல் தானாகப் பிரியம் வராது. உப்பு விழுந்தால்தான் சாயம் தண்ணீரை விட்டுத் துணியில் ஏறும். நிறம் எத்தனை ஆழமோ அத்தனை உப்பு. கழிவில் கடைசியாக மிஞ்சுவதும் அதுதான். சாயத்தைப் பிரித்துவிடலாம், உப்பைப் பிரிப்பது லேசில்லை. காய்ச்சி மூட்டை கட்டலாம். கட்டினால் மூட்டையை வைக்க இடம் வேண்டும்.

இது இங்கே தேவையில்லாத பேச்சு. இன்று மூன்று தட்டுகள் வைத்தேன். ஒன்றில் உப்புத் தண்ணீர் சொட்டு, ஒன்றில் அதைவிட அதிகம், ஒன்றில் இன்னும் அதிகம்.

பிப்ரவரி 19, புதன்

சிவப்பு ஆழமாகவில்லை. உப்பு குறைவாக விட்டது பச்சை. அடுத்தது நீலம், நல்ல நீலம், மயில் கழுத்து நீலம். உப்பு மிக அதிகமாக விழுந்த மூன்றாவதில் நிறமே இல்லை. கஞ்சி காய்ந்து ஒட்டிய மாதிரி வெள்ளை.

அலசாமல் விட்ட சிவப்புப் பாதியையும் சேர்த்து நான்கையும் வரிசையாக வைத்தேன். உப்பில்லாதது சிவப்பு, கொஞ்சம் என்றால் பச்சை, அதிகம் என்றால் நீலம், மிஞ்சினால் ஒன்றுமில்லை. படிப்படியாக இறங்குகிறது. நிற அட்டைபோலவே இருக்கிறது.

இதை நான் கண்டுபிடித்தேன் என்று மேகலாவிடம் சொன்னேன்.

"ஆமாங்கய்யா. உப்பு விழுந்தா ஊசிங்க நெருங்கிப் படுக்கும், இடைவெளி சுருங்கிரும். அது தெரிஞ்ச சங்கதிதானுங்க. அதனாலதான் உப்பில்லாத கெணறு கேக்கறேன்."

தெரிந்த சங்கதியை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

பிப்ரவரி 20, வியாழன்

ஒரு யோசனை தோன்றியது. நாச்சிமுத்து மனுக் கொடுத்தபோது ஆபீஸ் ஆட்கள் வந்து பேனா மாதிரி ஒரு மீட்டரை அவன் கிணற்றுத் தண்ணீரில் முக்கி ஒரு எண்ணைப் படித்தார்கள். அந்த எண்ணை நான் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. மீட்டரில் பேட்டரி மாற்றினால் எண் மாறும். நிறம் அப்படியில்லை. நிறம் என் கண்ணுக்கு முன்னால் பொய் சொன்னதில்லை.

நான்கு கிணறுகளின் தண்ணீரைக் கொண்டுவந்து, நான்கு தட்டுகளில் ஒரே அளவு சொட்டு விட்டு, என் கையாலேயே காய வைப்பேன். ஆற்றோரம் சென்னியப்பன் கிணறு. அதற்கு மேலே மாகாளியம்மன் கோயில் கிணறு. அதற்கும் மேலே நாச்சிமுத்து கிணறு. எல்லாவற்றுக்கும் மேட்டில் எங்கள் கிணறு.

என்ன வரும் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கிறேன். பிறகு மாற்றிச் சொன்னேன் என்று யாரும் பேசக் கூடாது. இந்த ஊர் நிலத்தில் உப்பு ஏறியது நொய்யல் ஆற்றின் வழியாக, மற்ற பட்டறைக்காரர்கள் விட்ட தண்ணீரால். ஆகவே ஆற்றோரக் கிணறுதான் மிக மோசம். மேலே வர வரக் குறையும்.

சென்னியப்பன் கிணறு: வெள்ளை. கோயில் கிணறு: நீலம். நாச்சிமுத்து: பச்சை. எங்கள் கிணறு: சிவப்பு.

இது வந்துவிட்டால் மேகலாவுக்கும் பதில், ஊருக்கும் பதில், அவனுக்கும் பதில்.

பிப்ரவரி 24, திங்கள்

தண்ணீர் சேகரித்தேன். சென்னியப்பன் கிணற்றில் அவன் மருமகள் எடுத்துக் கொடுத்தாள். கோயிலில் பூசாரி எதற்கு என்று கேட்டார். தீர்த்தம் என்றேன்.

நாச்சிமுத்து வீட்டுக்குப் பட்டறையைப் பூட்டிய பிறகு இன்றுதான் போகிறேன். வேலியைத் திறக்கும்போதே நாய் குரைத்தது. புதிய நாய், என்னைத் தெரியாது. அவன் கட்டிலில் உட்கார்ந்து மாட்டுக்குக் கயிறு திரித்துக்கொண்டிருந்தான். எழுந்து நின்றான். தலை முழுக்க நரைத்திருக்கிறது.

"வாங்கண்ணா."

"உக்கார வரலை. உன்ற கெணத்துத் தண்ணி ஒரு பாட்டல் வேணும்."

"குடிக்கறதுக்குங்களா?"

"பரிசோதனைக்கு."

"பதினாலு வருசமா நாங்களும் பரிசோதனைதான் பண்ணிட்டிருக்கறோம். வாயில வெச்சாத் தெரிஞ்சுருமே. பாட்டலெதுக்கு?" என்றாள் அவன் மனைவி, உள்ளேயிருந்து.

"நீ சும்மாரு" என்று அவளிடம் சொல்லிவிட்டு அவனே வாளியைக் கிணற்றில் விட்டான். பாட்டிலை இரண்டு தரம் அந்தத் தண்ணீரிலேயே கழுவி, பிறகு நிரப்பி, மூடியைத் துடைத்துக் கொடுத்தான். மாதிரி எடுக்கும் முறை அதுதான். பட்டறையில் நான் சொல்லிக் கொடுத்தது. அது மட்டும் மறக்கவில்லை.

தொழுவத்தில் மாடு ஒன்றுதான் நின்றது. முன்பு ஐந்தாறு இருந்தன. தண்ணீர் டேங்கர் வாங்குகிறானாம்.

"முடிவு வந்தாச் சொல்லுங்கண்ணா."

சொல்வதற்குத்தானே செய்கிறேன்.

பிப்ரவரி 26, புதன்

சிவராத்திரி. பாவாயி கோயிலுக்குப் போனாள். நான் தட்டுகளுக்குக் காவல்.

பிப்ரவரி 28, வெள்ளி

சென்னியப்பன் கிணறு: பச்சை. கோயில் கிணறு: நீலம். நாச்சிமுத்து கிணறு: வெள்ளை. எங்கள் கிணறு: வெள்ளை.

பாவாயி சாமி விளக்கு ஏற்றும்போது பெஞ்சை இடித்திருக்க வேண்டும். இந்தச் சுற்றுச் செல்லாது. மறுபடி வைத்திருக்கிறேன்.

மார்ச் 1, சனி

கறிவேப்பிலைக் கன்று காய்ந்துவிட்டது. பாவாயி முருங்கைக் கொம்பு ஒன்றை ஒடித்துக்கொண்டு போய் அதே இடத்தில் நட்டாள். "முருங்கக் கொம்பு ரோட்டுல கெடந்தாலும் தழைக்குமுங்க" என்றாள். நான் அப்போது மோட்டார் பெல்ட் மாற்றிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 5, புதன்

பச்சை. நீலம். வெள்ளை. வெள்ளை.

இந்த முறை அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருந்தேன். பாவாயி மேல் குற்றமில்லை. எங்கள் பாட்டிலில் ஏதாவது பழைய மருந்து ஒட்டியிருக்கலாம். பாட்டிலைக் கேன் தண்ணீரால் கழுவி, வெயிலில் உலர்த்தி, கிணற்றில் புதிதாக மொண்டேன். கடைசிச் சுற்று.

மார்ச் 8, சனி

பெயர்ந்திருந்த கூரை ஓடுகளை மாற்ற ஆள் வந்தான். பட்டறைக் கூரை நன்றாகத்தான் இருக்கிறது. சுவர் நன்றாக இருக்கிறது. பெரிய கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டேன். ஒருவர் தள்ளினாலே திறக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

அதே.

மார்ச் 12, புதன்

வரிசை தவறவில்லை. ஆற்றிலிருந்து மேலே வர வர உப்பு கூடுகிறது. நான் எழுதிவைத்ததற்கு நேர்மாறு. அப்படியானால் உப்பு ஆற்றிலிருந்து ஏறவில்லை. மேலேயிருந்து இறங்குகிறது.

எங்கள் வீட்டுக்கு மேலே நாச்சிமுத்து காடு இல்லை, பட்டறை இல்லை, வேறு யாருடைய பட்டறையும் இல்லை. வடக்கு மூலை இருக்கிறது. அங்கே எங்கள் பாட்டன் வெட்டிய பழைய கிணறு இருந்தது. பாகம் பிரித்தபோது அது என் பங்கில் வந்தது. அப்போதே வறண்டுதான் கிடந்தது. பிறகு தூர்த்துவிட்டோம்.

எழுத வேறொன்றும் இல்லை. இன்று வெயில் அதிகம்.

மார்ச் 14, வெள்ளி

மேகலா போன் செய்தாள். அடுத்த சனிக்கிழமை வருகிறாள். ஒரு கேன் நிறையக் கிணற்றுத் தண்ணீர் பிடித்துவைக்கச் சொன்னாள். "உங்க தட்டெல்லாம் என்னாச்சுங்கய்யா?" என்று கேட்டாள். காய்கிறது என்றேன்.

மார்ச் 17, திங்கள்

நாச்சிமுத்து வந்தான். நான் சொல்லி அனுப்பவில்லை. முடிவு கேட்க அவனாகவே வந்தான். பாவாயி அவனை உள்ளே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அவனுக்குத் தின்ன முறுக்கும் கொடுத்து, என்னைக் கேட்காமல் அறைச் சாவியையும் எடுத்துக் கொடுத்தாள்.

தட்டுகளின் முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

"உப்பு இல்லாட்டி என்ன நெறமுங்க?"

"சிவப்பு."

"எது கோயில் கெணறு?"

"நீலம். எந்த நீலம்னு உனக்கெங்கே தெரியப்போவுது."

"அது தெரியாமத்தான அடி வாங்குனேன்" என்று சிரித்தான். பிறகு வெள்ளைத் தட்டுகளைக் காட்டி, "இது ரெண்டும் ஒரே மாதிரி இருக்குதே. ஒண்ணு என்னுது. இன்னொண்ணு ஆருதுங்க?"

"என்னுது."

அவன் குனிந்து என் தட்டை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான், வாசனை பிடிப்பவன்போல.

"அப்ப உங்க கெணறும் போச்சுங்களாண்ணா?"

தட்டை வாங்கி அதன் இடத்தில் வைத்தேன்.

"நான் இத்தனை வருசமும் என்ன நெனச்சேன்னா, உங்க கெணறு நல்லாருக்குது, எங்களுது மட்டும் போச்சுன்னு நெனச்சேன். அதுதான் வயிறெரிஞ்சு எழுதிக் குடுத்தேன். உங்க தண்ணியவே நீங்க கெடுத்துக்குவீங்களா? எவனோ பண்ணுனதுக்கு உங்க பேரை எழுதிப்போட்டேன்." நாற்காலியில் உட்கார்ந்தான். "கண்ணுல பாக்காததைப் பாத்தேன்னு எழுதுனனுங்கண்ணா. வாய்க்கால்ல நீங்க தெறந்து உட்டதை நான் பாக்கவே இல்லை."

"பாக்கலைன்னு எனக்குத் தெரியும். நடக்காததை எப்படிப் பாப்பே?"

"எழுதிக் குடுத்தது தப்புன்னு எழுதிக் குடுத்தர்றனுங்க. நாளைக்கே குடுத்தர்றேன். பட்டறையத் தெறங்க. அந்தப் புள்ள ஏதோ ஜிகினா பண்ணுதாமே, பண்ணட்டும்."

பாவாயி கதவருகே நின்றுகொண்டிருந்தாள். அவள் அவனைப் பார்க்கவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

சொன்னதைச் செய்துவிட்டான். வெள்ளைத்தாளில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, கோயில் பூசாரியைச் சாட்சி வைத்து, காலையிலேயே கொண்டுவந்து தந்தான். என் அண்ணன் சாமியப்பன் என் கிணற்றைக் கெடுக்கவில்லை என்று இருக்கிறது. பதினான்கு வருடங்களாக நான் கேட்டது இந்த ஒரு வரிதான்.

அலமாரியில் வைத்தேன்.

மத்தியானம் சாப்பிடவில்லை. ரசத்தில் உப்பு அதிகம். பாவாயி இல்லை என்கிறாள்.

மார்ச் 20, வியாழன்

முருங்கைக் கொம்பு துளிர்க்கவில்லை. பிடுங்கிப் பார்த்தேன். அடியில் வேர் விடவில்லை, கறுத்திருந்தது. மண்ணில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. கொம்பு பழைய கொம்பாக இருக்கலாம்.

"கொம்பு நல்ல கொம்புங்க" என்றாள் பாவாயி. "மூட்டை போட்டன்னைக்கு நானுந்தான் கூட இருந்தேன்."

அவள் இப்படிப் பேசுவது இது முதல் தடவை. நான் மோட்டார் அறைக்குப் போய்விட்டேன்.

மார்ச் 21, வெள்ளி

மேகலாவுக்கு வைக்க வேண்டிய கேனை நிரப்பினேன். கூரைத் தண்ணீர் பிடிக்கும் மழைத்தொட்டியின் குழாய் பக்கத்தில் இருந்தது, அதில் பிடித்தேன். கிணற்றில் மொள்ள இடுப்பு ஒத்துழைக்கவில்லை.

சாயங்காலம் கேனைக் கொட்டினேன். அடியில் தூசி இருந்தது.

பட்டறை நடத்திய காலத்தில் ஒரு வாடிக்கையாளருக்கு நான் ஒரு நிறத்தைக் காட்டி வேறு நிறத்தைக் கொடுத்ததில்லை. இதை யாரும் மறுக்க முடியாது.

மார்ச் 22, சனி

மேகலா வந்தாள். கிணற்றுத் தண்ணீர்க் கேனைக் கொடுத்தேன். நான்கு தட்டுகளையும் காட்டினேன். மூன்று சுற்றும் காட்டினேன். அவள் தட்டுகளை விட்டுவிட்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். மேட்டிலிருந்து ஆறுவரை ஒரு தரம் பார்த்தாள். படித்த பெண்.

"ஐயா, இதுக்கு மேல மேட்டுல என்ன இருக்குதுங்க?"

"என்ற எடம்."

"அங்க என்னவாவது…"

"உனக்கு நாளைக்குச் சொல்றேன் அம்முணி."

"நான் ஆருகிட்டயும்…"

"நீ ஆருகிட்டயும் சொல்ல வேண்டாம். அது உன்ற வேலை இல்லை."

பாட்டிலில் மிச்சமிருந்த கரைசலை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

மார்ச் 23, ஞாயிறு

என் மேல் கொடுத்த மனு பொய் என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அதை அடிக்கப்போவதில்லை. வாய்க்காலில் விட்டதாகத்தான் அவன் எழுதினான். வாய்க்காலில் நான் விடவில்லை.

செய்ய வேண்டியவை:

மேகலாவிடம் பட்டறை இப்போதைக்கு இல்லை என்று சொல்வது. போனில் அல்ல, பல்லடத்துக்கு நேரில் போய். சொல்ல வேண்டியவன்: நான். அவள் அவினாசி இடத்தையே எடுத்துக்கொள்ளட்டும். பட்டறை சுத்தமான பிறகு கேட்டால், முதலில் அவளுக்குத்தான்.

நாச்சிமுத்து செவ்வாய்க்கிழமை எழுதிக் கொடுத்த தாளை அவனிடமே திருப்பிக் கொடுப்பது. கொடுக்க வேண்டியவன்: நான். அவன் கோபப்பட்டால் படட்டும். பேச வேண்டியது அவன். நான் நடுவில் பேசக் கூடாது.

அரசு ஆபீசுக்கு மனு. வடக்கு மூலைப் பழைய கிணற்றில் உப்புக் கசடு மூட்டைகள் புதைத்திருப்பது பற்றி. எழுதுவது, கையெழுத்துப் போடுவது: நான். நாச்சிமுத்துவின் பழைய மனுவின் நகலை அதோடு இணைக்க வேண்டும். அதில் ஒரு தவறு இருக்கிறது, வாய்க்கால் என்று இருக்கிறது. அந்த இடத்தில் கிணறு என்று திருத்துவது: நான். மற்றதெல்லாம் சரி.

கிணற்றின் மேல் மண்ணை எடுப்பது: ஜேசிபிக்காரர், ஆபீஸ் ஆட்கள் வந்து நின்ற பிறகு. அதற்கு முன் யாரும் தோண்டக் கூடாது. எந்த இடம், எத்தனை ஆழம் என்று காட்டுவது: நான். எனக்கு மறந்திருந்தால் பாவாயி.

மூட்டைகளை ஏற்றிப்போவது: அதற்கென்று அனுமதி உள்ள லாரி மட்டும். மூட்டைகள் கிழிந்துதான் இருக்கும். கையால் தொடக் கூடாது என்று ஆட்களிடம் சொல்வது: நான்.

செலவு: நான். பட்டறை இடத்தை விற்க வேண்டி வந்தால் விற்பது: நான்.

மழைத்தொட்டியிலிருந்து நாச்சிமுத்து தொழுவத்துக்குக் குழாய் போடுவது: பிளம்பர். குழாயைத் திறப்பதும் மூடுவதும்: நாச்சிமுத்து. என்னைக் கேட்க வேண்டியதில்லை.

கோயில் பூசாரியிடம் அன்று எடுத்தது தீர்த்தத்துக்கு இல்லை என்று சொல்வது: நான்.

வடக்கு மூலையில் இனி எதையும் நட வேண்டாம் என்று சொல்வது: நான், பாவாயியிடம். அவளுக்குத் தெரியும். இருந்தாலும் நான் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு வருடமும் மாசி மாதம் நான்கு கிணற்றுத் தண்ணீரையும் எடுத்துத் தட்டு வைப்பது: நான், இருக்கும்வரை. கரைசல் பாட்டிலில் இருக்கிறது. தீர்ந்தால் மேகலாவிடம் கேட்கலாம்.

காய்ந்த பிறகு பார்த்து என்ன நிறம் என்று சொல்ல வேண்டியவன்: நாச்சிமுத்து. அவனுக்கு அரக்கும் மெரூனும் தெரியாது. தெரிய வேண்டியதில்லை. சிவப்பு வந்தால் அவனுக்கும் தெரியும்.